சுவரைத் தொட்ட வீடுகள்

காலை ஏழு மணிக்குக் கேய்ஸா தண்ணீர்க் குழாயை மூடிய இரும்புப் பெட்டியின் பூட்டைத் திறந்தபோது வரிசையில் பதினாறு பேர் நின்றிருந்தார்கள். மஞ்சள் சட்டையின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு, பெட்டியின் கண்ணாடிக்குள் தெரிந்த லிட்டர் எண்ணைப் பார்த்தான். பூஜ்யம். நள்ளிரவில் அது தானாகவே பூஜ்யத்துக்குப் போய்விடும். நோட்டில் தேதியை எழுதி, பக்கத்தில் 88 என்று போட்டு வட்டமிட்டான்.

"மந்திரி வந்துட்டாரு. எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்கப்பா" என்றாள் வரிசையின் முன்னால் நின்ற மார்கித்தா.

"நீ நின்னுக்கிட்டுதான் இருக்க."

"அதைத்தான் சொல்றேன். உன் ஆபீசுல சொல்லி ஒரு பெஞ்சு போடச் சொல்லு. தண்ணி குடுக்காட்டியும் உக்காந்தாவது காத்துக் கிடக்கறோம்."

கேய்ஸா அவள் வாளியைக் குழாயின் அடியில் வைத்தான். பொத்தானை ஒருமுறை அழுத்தினால் பத்து லிட்டர் வரும். இருபது நொடி ஆகும். அந்த இருபது நொடியில் அடுத்த ஆள் வாளியைத் தயாராகத் தூக்கி வைத்திருக்க வேண்டும் என்பது அவன் போட்ட ஒழுங்கு. முதல் வாரம் எல்லோரும் திட்டினார்கள். இப்போது கை தானாகச் செய்தது.

குடியிருப்பில் இருபத்தாறு வீடுகள், ஜிப்ஸிகள் என்று ஊர் சொல்கிற நூற்றுத் தொண்ணூறு ரோமாக்கள். குழாய் ஒன்று. காலை ஏழிலிருந்து ஒன்பது, மாலை நாலிலிருந்து ஆறு. மே மாதக் கடைசியில் தெர்னோவ்கா ஊராட்சி மன்றம் கூடி, கடிதம் ஒன்றைக் கேய்ஸாவின் கையில் கொடுத்தது. தொண்ணூறு நாள் சோதனை. அதில் ஒரு நாளும் நாலாயிரம் லிட்டரைத் தாண்டக் கூடாது. பெட்டியை யாரும் உடைக்கக் கூடாது. இரண்டையும் கடைப்பிடித்தால், சரிவின் மேலே ரோமா அல்லாதவர்கள் வாழும் மேல் ஊரின் குழாயைக் குடியிருப்புக்குள் இழுத்து, வீட்டுக்கு ஒரு குழாயும் பின்பக்கம் கழிவுநீர்ப் பாதையும் போட்டுத் தருவதாக முத்திரை வைத்து எழுதியிருந்தார்கள். ஊராட்சியின் கூலி வேலையில் குளிர்காலம் முழுக்கப் பனியள்ளிய கேய்ஸாவுக்குச் சட்டையும் சாவியும் கொடுத்துக் காவல் வைத்ததும் அப்போதுதான்.

"மேல் ஊர்ல நாய்க்குட்டியைக் குளிப்பாட்ட எத்தனை லிட்டருன்னு கேட்டு அதையும் அந்த நோட்டுல எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டு மார்கித்தா வாளியோடு போனாள்.

ஒன்பது மணிக்குக் கண்ணாடியில் 1,940 என்று நின்றது. கேய்ஸா எழுதிக்கொண்டான். இன்று சனி. நாளை ஞாயிறு, மறுநாள் திங்கள். அதோடு தொண்ணூறு.

வீட்டில் அவன் மனைவி ருஷெனா நாற்காலியில் இடது காலை நீட்டி உட்கார்ந்து, கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். சர்க்கரைப் புண். குளிர்காலத்தில் ப்ரெஷோவ் ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். எடுத்த இடம் இன்னும் மூடவில்லை. மாதம் ஒருமுறை வருகிற நர்ஸ், ஓடுகிற தண்ணீரில் தினம் இரண்டு வேளை கழுவச் சொன்னாள். பிறகு கேய்ஸாவை வெளியே கூப்பிட்டு, குளிர் வருவதற்குள் மூடாவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும் என்றாள். ஜன்னல் திறந்துதான் இருந்தது. ருஷெனாவுக்கும் கேட்டிருக்கும். 

அவன் கெட்டிலில் இருந்து ஆறின தண்ணீரைச் சாய்க்க, அவள் காலடியில் பேசினைப் பிடித்தாள்.

"சூடா இருக்கா?"

"காலு மரத்துப்போச்சு, எனக்கு எங்க தெரியுது? நீயே தொட்டுப் பாத்துக்கோ."

பத்தரை மணி இருக்கும். வீட்டு வரிசையின் மேற்குக் கோடியிலிருந்து ஒரு பெண்ணின் அலறல் கேட்டது. உடனே நின்றது. மறுபடி கேட்டது. கேய்ஸா வாசலுக்கு வந்தான். அலாதார் வெறுங்காலோடு ஓடி வந்துகொண்டிருந்தான்.

"அண்ணே, பர்னபாஷ் போயிட்டான்."

"எங்க போயிட்டான்?"

"செத்துட்டாண்ணே. காப்பி குடிச்சான், நெஞ்சைப் புடிச்சான், அவ்வளவுதான்."

பர்னபாஷ் அலாதாரின் அண்ணன். நாற்பத்து நாலு வயது. காட்டில் மரம் வெட்டுகிறவன். ஆம்புலன்ஸ் தார்ச்சாலை முடிகிற இடம்வரை வந்து நின்றது. டாக்டர் நடந்து வந்து பார்த்தார், கையெழுத்துப் போட்டார், செருப்பிலிருந்த சேற்றைப் புல்லில் தேய்த்துவிட்டுப் போனார். பர்னபாஷின் பெண்டாட்டி க்வெத்தா முகம் பார்க்கும் கண்ணாடியைத் துணி போட்டு மூடினாள். பிறகு தண்ணீர் ட்ரம்மைச் சாய்த்தாள்.

சாவு விழுந்த வீட்டில் நிற்கிற தண்ணீரை வைத்துக்கொள்ள மாட்டார்கள். சாவு வந்த வேலை முடிந்ததும் தன் கையை அந்தத் தண்ணீரில்தான் கழுவிக்கொண்டு போகும். குடிக்கக் கூடாது, சமைக்கக் கூடாது, தரை துடைக்கவும் கூடாது. அந்த வீட்டில் மட்டுமல்ல, அதன் சுவரைத் தொட்ட வீடுகளிலும். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கேய்ஸா போனபோது க்வெத்தாவின் வாசலில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரி வாளிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அதற்கடுத்த வீட்டில் மார்கித்தா ட்ரம்மின் மூடியைத் திறந்துவிட்டு நின்றாள்.

"நீ ஏன் கொட்டுற? உன் வீட்டுக்கும் பர்னபாஷ் வீட்டுக்கும் நடுவுல ஒரு வீடு இருக்கு."

"அந்த வீட்டுச் சுவரு என் சுவரு. ஒரே செங்கல்லு. நீதானே ஆணி அடிக்கும்போது அந்தப் பக்கம் வந்துடுச்சுன்னு சிரிச்ச?"

"அப்படிப் பாத்தா இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே சுவருதான்."

"ஆமா. நான் என்ன பண்ணட்டும்? தள்ளிக் கட்ட இடம் குடுத்தாங்களா?"

"மார்கித்தா, கேளு. இன்னிக்கு எண்பத்தெட்டு. இன்னும் ரெண்டே நாளு. இவ்வளவையும் கொட்டினா சாயந்தரம் எல்லாரும் திரும்பப் பிடிக்கணும். தாண்டிடும்."

மார்கித்தா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சரி. நீ போய் உன் ட்ரம்முல ஒரு டம்ளர் மொண்டு இங்க என் முன்னாடி நின்னு குடி. நான் மூடிடறேன்."

அவன் நின்றான். அவள் ட்ரம்மைச் சாய்த்தாள். தண்ணீர் அவன் செருப்பைச் சுற்றிக்கொண்டு போனது.

அவனுக்கு முன்னாலேயே தண்ணீர் கொட்டுவது வீடு வீடாகப் போயிற்று. யாரும் அவசரப்படவில்லை, அழவும் இல்லை. மூடி திறக்கிற சத்தம், கவிழ்க்கிற சத்தம், அடுத்த வாசல். சாலை ஓரத்துக் கம்பத்தில் ஊராட்சி மாட்டியிருந்த கேமரா அதன் பாட்டுக்குத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. தன் வீட்டுக்கு வந்தபோது ருஷெனா ட்ரம்முக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். வாளிகளை ஏற்கெனவே கவிழ்த்துவிட்டாள். ட்ரம் நூற்றிருபது லிட்டர். ஒரு ஆளால் முடியாது.

"உனக்காகத்தான் நிக்கிறேன்" என்றாள்.

"கால்ல பாரம் குடுக்காத."

"அந்தப் பக்கம் புடி."

அவன் பிடித்தான். இருவருமாக ட்ரம்மை வாசற்படி வரை உருட்டி வந்து சாய்த்தார்கள். தண்ணீர் அவள் புதுக்கட்டின் மேல் தெறித்தது. அவளுக்குத் தெரியவில்லை. அவன்தான் பார்த்தான்.

மத்தியானம் முழுக்க அவன் நோட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டான். நாலாயிரத்தில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது போக இரண்டாயிரத்து அறுபது மிச்சம். சாவு வீட்டைத் தவிர்த்து இருபத்தைந்து வீடு. வீட்டுக்கு ஏழு வாளி. ஆயிரத்து எழுநூற்றைம்பது. சாவு வீட்டுக்கு, பிணம் கழுவவும், மூன்று நாள் கண்விழித்து உட்காருகிறவர்களுக்குக் காப்பி போடவும், பன்னிரண்டு கேன், இருநூற்று நாற்பது. எழுபது மீதி. கைக்குழந்தை இருக்கிற ஐந்து வீட்டுக்கு ஆளுக்கொரு வாளி கூடுதல். கீழே சிந்துவதற்கு இருபது. மூன்று தடவை கூட்டிப் பார்த்தான். சரியாக வந்தது.

நாலு மணிக்குப் பெட்டியின் மேல் ஏறி நின்று அதைப் படித்தான். வரிசை முனகியது.

"ஏழு வாளியில பதினொரு பேரு. பாத்திரத்தை நக்கியா கழுவுறது?" என்று ஒருவன் கேட்டான்.

"உன் வீட்ல பாத்திரம் இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரியுது" என்றாள் மார்கித்தா. வரிசை சிரித்தது. அவளே திரும்பி, "ரெண்டு நாளுதானே. படிச்சபடி புடிங்க. குழாய் வந்தப்புறம் நான் தொட்டியில மல்லாந்து படுத்துக்கறேன், அப்ப வந்து சண்டை போடுங்க" என்றாள்.

துக்க வீட்டார் தண்ணீர் எடுக்க வரக் கூடாது, மற்றவர்கள்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஆனால் எல்லோரும் தங்கள் வாளிகளோடு வரிசையில் நின்றதால், பர்னபாஷின் தம்பி அலாதாரே பழைய குழந்தை வண்டியில் கேன்களை அடுக்கிக்கொண்டு வந்துவிட்டான். கேய்ஸா அவனை முதலில் விட்டான். பன்னிரண்டு கேன். நாலு நடை. அவன் முகத்தில் ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு நடையும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், வந்து, அடுத்ததை வைத்தான்.

பிறகு வீடுகள். ஏழு, ஏழு, ஏழு. கேய்ஸா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, பக்கத்தில் கோடு போட்டான். ஐந்தேகால் மணிக்குக் கண்ணாடியில் 3,990. சிந்தியது பத்துதான். பத்து லிட்டர் மீந்தே விட்டது. அவன் பெட்டியின் மூடியை இறக்கினான். ஆறு மணிக்கு அது தானாகவே பூட்டிக்கொள்ளும். அதுவரை நிற்கலாம் என்று நின்றான்.

அப்போது அலாதார் மறுபடி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். கேன்கள் காலியாக ஒன்றோடொன்று மோதிச் சத்தமிட்டன. பின்னால் மார்கித்தா.

"என்ன?"

அலாதார் தரையைப் பார்த்தான். மார்கித்தாதான் சொன்னாள்.

"உள்ள வச்சுட்டான். அத்தனை கேனையும். உடம்பு இன்னும் கழுவல, மூடல. செத்தவன் தலைமாட்டுல கொண்டுபோய் வரிசையா அடுக்கி வச்சிருக்கான், சின்னப் பிள்ளைக்குப் பொம்மை வைக்கிற மாதிரி. கழுவி மூடுற வரைக்கும் அந்தக் கூரைக்குக் கீழ தண்ணி நிக்கக் கூடாதுன்னு தெரியாதா இவனுக்கு? வெளிய வச்சு, ஒவ்வொரு பேசினா மொண்டுக்கிட்டுப் போகணும்."

"தெரியும்" என்றான் அலாதார். "வெயில்ல சூடாயிடும்னு நெனச்சேன். அண்ணன் பச்சத்தண்ணிதான் குடிப்பான்."

கேய்ஸா காலிக் கேன்களைப் பார்த்தான்.

"கொட்டிட்டீங்களா?"

"கொட்டாம?"

"அப்போ சுவரைத் தொட்ட வீடெல்லாம்?"

"இந்தத் தடவ அந்த வீட்டோட போதும்" என்றாள் மார்கித்தா. "நான் சொல்லிட்டேன். சாவு வந்து கேட்டா என்னைக் கேக்கட்டும்."

"அப்படின்னா புடிச்சதுல ஆளுக்கு ஒரு வாளி குடுங்க. கழுவ மட்டும்."

"வீட்டுக்குள்ள போயிட்டு வந்த தண்ணி கழுவ ஆகாது. உனக்கும் தெரியும். எனக்கு வேண்டியது மூணு கேனு. இங்கிருந்து நேரா."

மூன்று கேன், அறுபது லிட்டர். கேய்ஸா கண்ணாடியைப் பார்த்தான். 3,990. காட்டு ஊற்று ஆகஸ்டில் நூல் போலச் சொட்டும். ஒரு கேன் நிறைவதற்குள் விடிந்துவிடும். ஓடையில் மேல் ஊரின் சாக்கடை வருகிறது. உடம்பைக் காலை ஏழு மணிவரை வைத்திருக்க முடியாது. தகரக் கூரை, வெயில் இன்னும் இறங்கவில்லை, பகல் முழுக்க ஈயை விரட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

"வேணாம்னா சொல்லிடுண்ணே" என்றான் அலாதார். "போயிடறேன்."

வாளிகளோடு போனவர்களில் சிலர் திரும்பி வந்து தள்ளி நின்றார்கள். எல்லோருக்கும் எண் தெரியும். ருஷெனா வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பது இங்கிருந்தே தெரிந்தது.

கேய்ஸா மூடியைத் தூக்கினான். முதல் கேனை அவனே குழாயின் அடியில் வைத்தான். பொத்தானையும் அவனே அழுத்தினான். வேறு கை படக் கூடாது என்று நினைத்தான். பத்து லிட்டர் வந்து நின்றது. கண்ணாடியில் 4,000. இன்னொருமுறை அழுத்தினான். 4,010. எந்தச் சத்தமும் கேட்கவில்லை. தண்ணீர் முன்பு வந்த மாதிரியேதான் வந்தது.

மூன்று கேன் நிறைந்ததும் அலாதார் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். கேய்ஸா மூடியை இறக்கப் போனபோது, அதுவரை தள்ளி நின்ற கிழக்குக் கோடி வீட்டுக்காரன் தன் ட்ரம்மை உருட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"நனைஞ்சதுக்கு அப்புறம் முக்காடு எதுக்குண்ணே? விடு."

கேய்ஸா அவனைத் தடுக்கவில்லை. பிறகு வந்தவர்களையும் தடுக்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடவும் இல்லை. ஆறு மணிக்குக் குழாய் 'டொக்'கென்று நின்றபோது கண்ணாடியில் 4,970. அதை நோட்டில் எழுதினான். எப்போதும் போல எண்ணுக்குக் கீழே ஒரு கோடு இழுத்தான்.

திங்கட்கிழமை காலை ஊராட்சி அலுவலகத்தில், சோதனையைக் கவனிக்கிற திருமதி ஹனுசோவா அவனை உட்காரச் சொன்னாள். நல்ல பெண்மணி. எல்லோரிடமும் மரியாதையாகப் பேசுவாள். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து அவன் எழுதிய இரண்டு பக்க மனுவைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தாள்.

"என் வருத்தத்தைச் சொல்லிடுங்க அந்த அம்மாகிட்ட. சின்ன வயசு."

"சொல்றேங்க."

"உங்க நோட்டு மாதிரி ஒரு நோட்டு இந்த ஆபீசுல கிடையாது, கேய்ஸா. தலைவர் உங்களை எடுத்துடலாம்னாரு. நான்தான், வேற யாரு இப்படி எழுதுவாங்கன்னு சொல்லி நிறுத்தினேன்." அவள் கணினியைத் திருப்பிக் காட்டினாள். "ஆனா இதைத் தலைவரும் பாத்துட்டாரு."

படத்தில் சத்தம் இல்லை. வீடுகளின் வரிசை. வாசல்களில் ஆட்கள் வந்து ட்ரம்களைக் கவிழ்த்தார்கள். நாலாவதோ ஐந்தாவதோ வாசலில் ஒரு பெண்ணும் மஞ்சள் சட்டை போட்ட ஆளும் ஒன்றாகச் சேர்ந்து கவிழ்த்தார்கள். அங்கே அவள் படத்தை நிறுத்தினாள்.

"பதினொரு மணிக்கு இவ்வளவையும் மண்ணுல கொட்டுறீங்க. நாலு மணிக்குத் தண்ணி போதலன்னு வர்றீங்க. மன்றத்துல கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

"சாவுங்க. சுவரைத் தொட்ட வீட்ல..."

"படிச்சேன். அப்போ டவுன்ல அடுக்குமாடியில ஒருத்தர் செத்தா நூறு வீட்லயும் கொட்டணுமா?"

"அவங்க குழாயைத் திறந்தா வந்துடுமுங்க."

அவள் கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "எங்க அம்மா இறந்தப்போ நாங்களும் கடிகாரத்தை நிறுத்தினோம். ஜன்னலைத் திறந்து வச்சோம். எனக்குப் புரியுது. ஆனா கடிகாரத்தை நிறுத்தினா ஊருக்கு ஒரு செலவும் இல்ல பாருங்க." பிறகு ஒரு படிவத்தை எடுத்தாள். "வரம்பு தாண்டினதுக்குக் காரணம் போடணும். நாலு கட்டம்தான் இருக்கு. குடிக்க, சமைக்க, கழுவ, விரயம்."

"கழுவத்தாங்க. உடம்பு கழுவ."

"அது அறுபது லிட்டர். நீங்களே எழுதியிருக்கீங்க. மீதி தொள்ளாயிரத்துப் பத்து?"

அவனுக்குப் பதில் இருந்தது. ஆனால் அது நீளமாக இருந்தது, அதில் பாதி மனுவிலேயே இருந்தது. அவள் நாலாவது கட்டத்தில் டிக் அடித்தாள். பேனாவை வைத்துவிட்டு, "மறுத்துட்டதா நெனைக்காதீங்க. மறுக்கல. திரும்பவும் ஒண்ணுல இருந்து எண்ணணும், அவ்வளவுதான். இப்ப தொடங்கினா நவம்பர் கடைசியில முடியும், அப்புறம் பனியில தோண்ட முடியாது. அதனால ஏப்ரல்ல தொடங்கலாம்னு நாளைக்கு மன்றத்துல எழுதி வைக்கறேன்" என்றாள்.

"ஏப்ரல்."

"ஏப்ரல் ஒண்ணு. நோட்டு புதுசா குடுக்கச் சொல்றேன்."

வீட்டுக்கு வந்து அவன் சொன்னபோது ருஷெனா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"ஏப்ரல்னா" என்று கேட்டுவிட்டு, விரல்விட்டு எண்ணப் போனவள் நிறுத்திக்கொண்டாள். "ரொட்டி வாங்கிட்டு வரச் சொன்னேனே."

"மறந்துட்டேன்."

"சரி. கெழங்கு இருக்கு."

செவ்வாய்க்கிழமை பர்னபாஷைப் புதைத்தார்கள். புதன்கிழமை நர்ஸ் வந்து ருஷெனாவின் கட்டை அவிழ்த்துப் பார்த்து, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய தேதியை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள். ருஷெனா அதை நாலாக மடித்துச் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஊராட்சியிலிருந்து ஆள் வந்தது. குழாய் ரிப்பேர் பார்க்கிற மிலோஷின் உதவியாள் லீவு. கேய்ஸா போக வேண்டும். மேல் ஊரின் கடைசி வீட்டு வேலிக்கு வெளியே, சோள வயலின் ஓரத்தில், தீயணைப்புக்காரர்கள் குழாய் மாட்டுகிற சிவப்பு இரும்புக் கம்பம் நின்றிருந்தது. மிலோஷ் அதன் மூடியைக் கழற்றி, பெரிய ஸ்பேனரைக் கேய்ஸாவின் கையில் கொடுத்தான்.

"திருகு. மெதுவா. முழுசா திறந்துடு."

முதலில் இருமுவது போல ஒரு சத்தம். பிறகு செம்மண் நிறத்தில் தண்ணீர் பீறிட்டது. துரு வாடை அடித்தது. கேய்ஸா பின்னால் நகர்ந்தான். அது ஓரத்துப் பள்ளத்தில் விழுந்து, சரிவில் கீழே ஓடத் தொடங்கியது.

"எதுக்குங்க இது?"

"குழாய் இங்க முடியுதுல்ல? இதுக்கு அப்புறம் வீடு இல்ல, மூடி போட்டிருக்கு. முடியற இடத்துல தண்ணி நின்னு நின்னு கெட்டுப்போயிடும். கடைசி வீட்டுக்காரன் நாத்தம் அடிக்குதுன்னு மாசாமாசம் கம்ப்ளெய்ண்ட் குடுப்பான். திறந்து விட்டுட்டா சரியாயிடும்."

"எவ்வளவு நேரம்?"

"முக்கா மணி. தெளிஞ்சாலும் முக்கா மணி விடணும், அதான் உத்தரவு."

கேய்ஸா கம்பத்தைச் சுற்றிப் பார்த்தான். "எண்ணு எங்க வரும்?"

"என்ன எண்ணு?"

"எவ்வளவு போச்சுன்னு."

மிலோஷ் சிரித்தான். "இதுக்கு யாருப்பா மீட்டர் வைப்பான்? கெட்ட தண்ணி." அவன் வேலி நிழலில் உட்கார்ந்து, காகிதத்தில் சுற்றியிருந்த ரொட்டியைப் பிரித்தான். "இந்தப் பக்கமா இன்னும் நாலு வீடு இருந்தா இந்த வேலையே வேணாம். அவங்க திறக்க மூட, தண்ணி தானா ஓடிக்கிட்டே இருக்கும். திங்கிறியா?"

"வேணாங்க."

பதினைந்து நிமிடத்தில் நிறம் வெளுத்தது. இருபதாவது நிமிடத்தில் பள்ளத்தின் அடியிலிருந்த கூழாங்கற்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. தண்ணீர் கையளவு தடிமனில் விழுந்துகொண்டேயிருந்தது. அது சோள வயலின் ஓரமாகப் போய், சாலையைக் குறுக்கே வெட்டி, குடியிருப்பின் முதல் வாசலுக்குள் திரும்புவதைக் கேய்ஸா இங்கிருந்தே பார்த்தான்.

மார்கித்தா மண்வெட்டியோடு வெளியே ஓடி வந்தாள். வாசற்படிக்கு முன்னால் மண்ணை வெட்டி வெட்டிப் போட்டு அணைகட்டினாள். ருஷெனா கட்டுப்போட்ட காலை இழுத்துக்கொண்டு வந்து, ஒரு பலகையைத் தன் வாசலில் குறுக்கே வைத்து, அது விழாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். மற்ற வாசல்களிலும் கந்தைகளையும் சாக்குகளையும் அடைத்தார்கள்.

"யார்ரா அது மேல?" என்று மார்கித்தாவின் குரல் வயலைத் தாண்டி வந்தது. "வீட்டுக்குள்ள வருதுடா! மூடுடா தண்ணிய!"

மிலோஷ் வாயில் ரொட்டியோடு கடிகாரத்தைப் பார்த்தான்.

"எவ்வளவு ஆச்சு?"

"இருபத்தஞ்சு நிமிஷமுங்க."

"இன்னும் இருபது இருக்கு" என்றான் மிலோஷ். "கையை எடுக்காத. ஸ்பேனர் வழுக்கும்."